மில்லி கழற்றிய மூன்று துண்டுகள்

என் தங்கை புருஷனை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரத்தில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. மலைச் சைக்கிள்களில் குலுக்கலைத் தாங்குகிற முன் ஃபோர்க்கையும் பின் ஷாக்கையும் பிரித்து, சுத்தம் செய்து, எண்ணெய் மாற்றிக் கொடுப்பது அவன் தொழில். எண்ணெயை ஊசியில் உறிஞ்சிக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பான். ஒரு மில்லி கூடிவிட்டால் டப்பாவில் திரும்ப விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து உறிஞ்சுவான். பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொட்டாவி வந்துவிடும். என்னைவிட ஆறு வயது சின்னவன் என்பதால் இங்கே அவன், இவன் என்று எழுதுகிறேன். நேரில் மாப்பிள்ளை, வாங்க, போங்க என்று மரியாதையாகத்தான் பேசுவேன், ஒரே ஒரு நாள் தவிர.

கடை என்று சொல்வதுகூட அதிகம். சலவைக் கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவில், ஒரு கார் நிறுத்தக் கட்டின அறை. சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பேனர்கள், ஒரு நீள மேசை, மூலையில் குளியலறையில் வைக்கிற மாதிரி எடை பார்க்கும் மெஷின். அந்த மெஷின்தான் அவனுக்குக் கிடைத்த கெட்ட பெயருக்குக் காரணம். ஃபோர்க்கில் எவ்வளவு காற்று அடைக்க வேண்டும் என்பது ஓட்டுகிறவரின் எடையைப் பொறுத்தது. ஹெல்மெட், ஷூ, முதுகுத் தண்ணீர்ப் பை எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. வருகிறவர்கள் வாய்கூசாமல் பொய் சொல்வார்கள். ஒரு பல் டாக்டர் எழுபத்திரண்டு என்றார். மெஷினில் ஏற்றினால் எண்பத்தொன்று.

"ஷூ மட்டும் ஒன்பது கிலோவா சார்?" என்று மில்லி கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஷூவைத் தூக்கிப் பார்த்தான். டாக்டர் அதற்கப்புறம் மூன்று மாதம் வேறு கடைக்குப் போனார். அங்கே அவர் சொன்ன எழுபத்திரண்டுக்கே காற்றடித்துக் கொடுத்தார்கள். முன்சக்கரம் குழியில் இறங்குகிறபோதெல்லாம் பல் ஆடுகிறது என்று திரும்பி வந்தார்.

மில்லியை நான் முதலில் கவனித்தது அவன் ஆட்களைப் பார்க்கும் விதத்தில்தான். எனக்கு ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள்களையும் ஆட்களையும் மலை உச்சிக்கு ஏற்றிப்போய் விடுவேன். அவர்கள் பாறை, வேர், சரிவு எல்லாவற்றிலும் உருண்டு புரண்டு இறங்கி வருவார்கள். பிறகு அடுத்த நடை. அடிவாரத்தில் மில்லி ஒரு மடக்கு நாற்காலி போட்டுக் கருவிப் பையோடு உட்கார்ந்திருப்பான். இறங்கி வந்தவனை மற்றவர்கள் எப்படியிருந்தது என்று கேட்பார்கள், முதுகில் தட்டுவார்கள். இவன் ஆளின் முகத்தையே பார்க்க மாட்டான். குனிந்து ஃபோர்க்கைப் பார்ப்பான்.

பார்ப்பதற்கு அங்கே ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஃபோர்க்கின் பளபளக்கும் மேல் குழாயில் மெல்லிசாக மாட்டியிருக்கும். சைக்கிள் ஒரு மேட்டிலிருந்து குதித்து விழும்போது குழாய் கீழே அமுங்கும், வளையம் மேலே தள்ளப்படும். குழாய் பழையபடி எழும்பிக்கொள்ளும். வளையம் மட்டும் தள்ளப்பட்ட இடத்திலேயே நிற்கும். எவ்வளவு அமுங்கியது என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். வளையம் உச்சியை ஒட்டி நின்றால் ஓட்டியவர் வேகமாக வந்திருக்கிறார், குதிக்க வேண்டிய இடத்தில் குதித்திருக்கிறார். பாதியில் நின்றால் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வந்திருக்கிறார். வீரவசனம் பேசுகிற எத்தனையோ பேரை அந்த வளையம் காட்டிக்கொடுத்திருக்கிறது. மில்லி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டான். அந்தச் சொல்லாமையே ஆட்களுக்கு எரிச்சல்.

என் தங்கையை அவன் அப்படித்தான் கண்டுபிடித்தான். அவளுடைய ஃபோர்க்கில் வளையம் எப்போதும் உச்சியில் நின்றது. ஒருநாள் என்னைத் தேடி வந்து, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, உங்க தங்கச்சி ஃபோர்க்கை முழுசா யூஸ் பண்றாங்க. இப்படி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல" என்றான். பெண் கேட்கிறான் என்று புரிய எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. அவளிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு சரி என்றாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவனை மில்லி என்றே கூப்பிடுகிறாள், நீ, போ என்றுதான் பேசுகிறாள். எங்கள் அம்மா இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

எங்கள் மலையில் கூரை என்று ஒரு இடம் உண்டு. பெரிய பாறையின் விளிம்பிலிருந்து மரப்பலகையால் மேடை நீட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து குதித்தால் இரண்டு ஆள் உயரம் கீழே சரிவில் போய் இறங்க வேண்டும். தைரியம் இல்லாதவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுவழி இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் அதில்தான் போவார்கள். தங்கை கூரையை நாற்பது, ஐம்பது தடவை குதித்திருப்பாள். போன வருடம் மழை விட்ட ஒரு காலையில், ஈரப் பலகையில் அவளுடைய முன்சக்கரம் வழுக்கிவிட்டது. தோள் எலும்பு, மணிக்கட்டு, இரண்டு விலா. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

எலும்பு கூடியது. எட்டு மாதம் கழித்து மறுபடி சைக்கிள் ஏறினாள். ஆனால் வளையம் பாதிக்கு மேல் ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் அடிவாரத்துக்கு வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்ப்பாள். பிறகு வளையத்தை விரலால் கீழே தள்ளிவிட்டு அடுத்த நடைக்கு வந்து நிற்பாள். மறுபடி பாதி. வீட்டில் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். என் பழைய சட்டையைப் பார்த்து ஒரு கேலி இல்லை. மில்லி கொஞ்சம் அதிகமாகவே வேலைசெய்தான், அவ்வளவுதான். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு வாரம் வளையம் முக்காலுக்கு ஏறியது. இரண்டு வாரத்தில் உச்சியைத் தொட்டது. தங்கை வண்டியருகே வந்து, "அண்ணா, பாரு, பாரு" என்று என் கழுத்தைப் பிடித்து வளைத்துக் காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே என் சட்டையைப் பற்றி இரண்டு கேலி. வீடு வீடானது. பத்து நடை தொடர்ந்து வளையம் உச்சியைத் தொட்டால் கூரையைக் குதிப்பேன் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தாள். பத்தாவது கோடு போட்டதும், "வர்ற ஞாயித்துக்கிழமை" என்று அறிவித்தாள்.

நான் கைதட்டினேன். மில்லி சாப்பிடாமல் தட்டில் இருந்ததை அளைந்துகொண்டிருந்தான். அந்த வாரம் முழுக்க அவன் வாயைத் திறப்பான், அவள் நிமிர்ந்து பார்ப்பாள், "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வான். அவளுக்குப் பயப்படுகிறான், பாவம் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை, என்றைக்கும் இல்லாத திருநாளாக மில்லியும் மேலே வருகிறேன் என்று வண்டியில் ஏறினான். உச்சியில் தங்கை கை காலை உதறிக்கொண்டே கூரையை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று நடந்துபோனாள். நான் சைக்கிள்களை இறக்கிக்கொண்டிருந்தேன். மில்லி சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். சாம்பல் நிறத்தில் மூன்று பிளாஸ்டிக் துண்டுகள், தடித்த காசு மாதிரி.

"என்ன மாப்ள இது?"

"அவ ஃபோர்க்குக்குள்ள இருக்க வேண்டியது, மச்சான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஃபோர்க்குக்குள் இருப்பது காற்று. அந்தத் துண்டுகள் காற்று அறையில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் அமுங்க அமுங்கக் காற்றுக்கு இடம் போதாமல், கடைசியில் விறைத்து எதிர்த்து நிற்கும். துண்டுகளை எடுத்துவிட்டால் பம்பில் அதே எண்தான் காட்டும், சைக்கிளில் உட்கார்ந்து பார்த்தாலும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் கடைசிப் பகுதி சுலபமாக அமுங்கிக் கொடுக்கும். மெதுவாகப் போனாலும் வளையம் உச்சிக்குப் போகும். நாலு மாதத்துக்கு முன் சர்வீஸ் செய்யும்போது ஒன்றை எடுத்திருக்கிறான். அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கிறது. இன்னொன்றை எடுத்திருக்கிறான். பிறகு மூன்றாவதையும்.

"அப்போ அந்தப் பத்துக் கோடு?"

"பொய், மச்சான். அவ இன்னும் பாதியிலதான் இருக்கா."

இந்த ஃபோர்க்கோடு கூரையிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அடிவரைக்கும் போய் இடிக்கும், முன்பக்கம் மூக்கு குத்தும், ஆளை ஹேண்டிலுக்கு மேலே தூக்கி எறியும் என்றான். காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தவன் மாதிரி ஒப்பித்தான்.

மாப்பிள்ளை, வாங்க, போங்க எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "டேய், உனக்கு மூளை இருக்கா? அவளைக் கொல்லப் பாத்தியா?" என்று சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் விடுவித்துக்கொள்ளவில்லை. இரண்டு காதும் சிவந்து போய் நின்றான். நல்லது செய்கிறேன் என்று போய் இப்படி வினையை விலைக்கு வாங்குகிற மனிதனை என்ன செய்வது? ஒரு மில்லி எண்ணெய் கூடினால் தூக்கம் வராத ஆள், நாலு மாதமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது கேவலமான யோசனைதான். "சரி, காத்து கசியுதுன்னு சொல்லி இப்பவே திறந்து மூணையும் உள்ள போட்டுடு. ஃபோர்க் சரியாயிடும். அவளும் குதிச்சிடுவா. எதுக்குத் தெரியணும்?"

முடியாது என்று மில்லி தலையை ஆட்டினான். "நானும் அப்படித்தான் நினைச்சு வந்தேன். ஆனா அவ நம்பிக்கிட்டு இருக்கிறது நான் பண்ணி வச்சதை. விளிம்புல போய் நிக்கிறப்போ அது கைவிட்டுச்சுன்னா? அரை மனசோட ஒரு விரல் பிரேக்கை தொட்டாப் போதும். போன தடவை பலகை வழுக்குச்சு. இந்தத் தடவை என்னால விழுவா."

"அப்போ சொல்லிடு."

"சொன்னா என்னை விட்டுட்டுப் போயிடுவா."

எனக்கு அவன்மேல் இருந்த கோபம் அதைக் கேட்டதும் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். தங்கை கையுறையை மாட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். பலகை காய்ந்திருக்கிறது, காற்று இல்லை, இன்றைக்கு விட்டால் என்றைக்கு என்றாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள். அவன் கையை மூடிக்கொள்ளவில்லை.

எனக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அவை என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"எத்தனை?"

"மூணும்."

"எப்ப இருந்து?"

"நாலு மாசம்."

திட்டுவாள், அறைவாள், ஹெல்மெட்டைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன். எறிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் போய்த் தன் சைக்கிளைக் கொண்டுவந்து வண்டியின் பின்பலகையில் சாய்த்தாள். "போடு. என் கண்ணு முன்னாடி போடு."

மில்லி காற்றை இறக்கினான். மூடியைத் திருகித் திறந்தான். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி, துணியால் விளிம்பைத் துடைத்து, மூடியை இறுக்கினான். பம்பை அவள் வாங்கிக்கொண்டு தானே அடித்தாள், தானே எண்ணைப் பார்த்தாள். வளையத்தை விரலால் கீழே தள்ளினாள். எங்கள் இருவரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து போய்விட்டாள்.

கூரைக்குப் போகிறாளா, சுற்றுவழியில் போகிறாளா என்று உச்சியிலிருந்து தெரியாது. நடுவில் மரங்கள். வண்டியை எப்படி ஓட்டிக் கீழே வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மில்லி பக்கத்தில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைத் திருகிக்கொண்டே வந்தான். ஒரு வளைவில், "ஏதோ சத்தம், கேட்டீங்களா?" என்றான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வளைவிலும் அதையே கேட்டான். வாயை மூடு என்றேன்.

அடிவாரத்தில் அவள் எங்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். வரவில்லை. மற்றவர்கள் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். மேலே யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. மில்லி நாற்காலியைப் பிரிக்காமல் பாதையின் முடிவில் போய் நின்றுகொண்டான். ஐந்து நிமிடம் இருக்கும். எனக்கு அது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த முழுநாளைவிட நீளமாக இருந்தது.

பிறகு அவள் வந்தாள். மெதுவாக, பிரேக் கிறீச்சிட வந்து அவன் முன்னால் நிறுத்தினாள். கீழே இறங்கவில்லை.

மில்லி பழக்கதோஷத்தில் குனிந்தான். கண் நேரே ஃபோர்க்குக்குத்தான் போயிற்று. வளையம் பாதியில் நின்றது, பாதிக்கு ஒரு விரல் கீழேயே என்று சொல்லலாம். தங்கை கையுறை போட்ட கையால் அவன் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

"அங்க என்ன பாக்குற? நான் இங்க இருக்கேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"நான் பயந்துட்டேன்னு உனக்கு நாலு மாசமாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் போயிட்டே. ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா? ஒரே வீட்டுல, ஒரே கட்டில்ல, நான் தனியா பயந்துக்கிட்டு இருந்திருக்கேன் மில்லி."

அவன் வாயைத் திறந்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"இப்பக் கேளு," என்றாள்.

"பயமா இருந்துச்சா?"

"விளிம்பு வரைக்கும் போனேன். நின்னுட்டேன். அங்கேயே உக்காந்து அழுதுட்டு, சுத்திக்கிட்டு வந்தேன். உசுரே போயிடும்போல பயமா இருந்துச்சு."

"எனக்கும்," என்றான் மில்லி. "நீ விழுந்த நாள்ல இருந்து, தினமும்."

அவள் சைக்கிளைக் கீழே சாய விட்டாள். அது தரையில் விழுந்து, ஹேண்டில் ஒரு கல்லில் மோதி, பெயிண்ட் பெயர்ந்தது. இத்தனை வருடத்தில் ஒரு சைக்கிள் கீழே விழுந்து மில்லி குனிந்து பார்க்காமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.